தேர் வடமும் லேகிய நோட்டீசும்

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த காலத்தில், கோட்டாற்றில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ இருந்தது. ஆள் வராத நாட்களில் காமிராவைத் தூக்கிக்கொண்டு திருவிழாக்களுக்குப் போவேன். எடுத்த படம் என் படம், யாருக்கும் விற்கலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

ஒரு மார்கழியில் சுசீந்திரம் தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது. வடத்தின் முன்வரிசையில் ஒரு விவசாயி, ஆறடி ஆள், கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்து ஸ்டுடியோ வாசலில் மாட்டினேன். நாட்டுமருந்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்ததும் வாங்கிப்போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்த விவசாயியே ஒரு நோட்டீசோடு வந்து நின்றார். நோட்டீசில் அவர் முகம். மேலே கொட்டை எழுத்தில், 'காலையில் இந்தக் கஷ்டம் ஏன்?' கீழே மலச்சிக்கல் லேகியத்தின் விலை.

"வேய், இது ஆரு?"

"நீங்கதான்."

"நான் சாமிக்கு வடம் பிடிச்சேன். நீரு என்னைய எங்க கொண்டு இருத்திட்டீரு பாரும். சந்தையில ஒருத்தன் கேக்கான், அண்ணாச்சி, இன்னைக்காவது போச்சான்னு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. கையைப் பிடித்து வக்கீல் வீட்டுக்கு இழுத்துப்போனார்.

வக்கீல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார். "ஊர் பாக்கத் தேர் இழுத்தவரைப் படம் எடுக்கலாம், விக்கவும் செய்யலாம். ஆனா சரக்கு விக்கதுக்கு அந்த மூஞ்சிய வச்சா, இவரு லேகியம் திங்க ஆளுன்னுல்லா ஊரு நெனைக்கும்? அது மானக்கேடு. கேஸு நிக்கும்."

"கோர்ட்டுல இத எல்லாருக்கும் காட்டுவாவளோ?" என்றார் விவசாயி.

"ஜட்ஜி முதல் டவாலி வரை பாப்பாங்க."

விவசாயி நோட்டீசை நாலாக மடித்து மடியில் செருகினார். "அப்பம் கேஸும் வேண்டாம், ரூவாயும் வேண்டாம். இது போன இடத்துக்கெல்லாம் வேற நோட்டீஸு போணும். அதுல இந்தாளு மூஞ்சி இருக்கணும்."

வக்கீலுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் என் காமிராவுக்கு முன்னால் நானே உட்கார்ந்தேன். "போராது வேய், இன்னும் முக்கும்" என்று சொல்லிச் சொல்லி விவசாயியே படம் பிடித்தார். மூன்று பிளேட் வீணாகி, நாலாவதில்தான் அவருக்குத் திருப்தி. மருந்துக் கடைக்காரர் இந்தத் தடவை விவரமாக, வக்கீலிடம் எழுதி வாங்கிய சம்மதச் சீட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு, எதற்கு என்று கேட்காமலும், படத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்காமலும் நான் ஒரு படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்ததில்லை.

அந்தப் பங்குனியில் களியக்காவிளைப் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தகப்பனார் என் முகத்தையே கூர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"மருந்து பலிச்சோ?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பெண்தான். கல்யாணம் நடந்தது. ஆனால் மாமனார் மட்டும் என் கதையைக் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. விருந்துக்குப் போகும்போதெல்லாம் என் இலையில் கீரை இரண்டு தடவை விழும்.