எண்ணிக்கை சரியானால்தான் கரை

எங்கள் ஊர் மீட்புப் படகில் யாருக்கும் சம்பளம் கிடையாது. தாத்தா ஓட்டினார், அப்பா ஓட்டினார், பதினோரு வருடமாக என் தங்கை ஓட்டுகிறாள். அவளைப் போல் ஓட்ட இந்தக் கரையில் ஆள் இல்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை. நான் கரையில் ரேடியோ அறையைப் பார்த்துக்கொள்கிறேன். எட்டாவதுதான் படித்தேன், ஆனாலும் என் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூட இருக்காது.

தாத்தா காலத்து வழக்கம் ஒன்று உண்டு. கரைக்குத் திரும்புமுன் படகில் இருப்பவர்கள் வரிசையாக எண் சொல்ல வேண்டும். எண் சொன்ன ஒவ்வொருவரும் கண்ணில் பட்டால்தான் படகு திரும்பும்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே கடலைப் பனி மூடிவிட்டது. மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. தங்கையையும் சேர்த்து ஐந்து பேர் போய், மூன்று பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள்.

"நாங்க மூணு பேருதாம்மா," என்றார் கவிழ்ந்த படகின் சொந்தக்காரர்.

ரேடியோவில் எண்கள் வந்தன. எட்டுக்குப் பிறகு, நிதானமாக ஒரு குரல்: "ஒன்பது."

"யாருப்பா அது? சம்பளமில்லாத வேலைக்குப் புதுசா ஆள் சேந்திருக்கு!" என்றார் எங்கள் படகின் மெக்கானிக். யாரும் சிரிக்கவில்லை.

தங்கை திரும்பவில்லை, அதே இடத்தைச் சுற்றிவந்தாள். இருபதாவது நிமிடம் கவிழ்ந்த படகின் சமையல்காரர் தண்ணீரில் கிடைத்தார்.

"ஐயோ, இவன் கரையில தூங்குறான்னுல்ல நெனச்சேன்!" என்று சொந்தக்காரர் அலறினார்.

சமையல்காரருக்குக் குளிரில் தாடை இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தது. அவர் குரல் கொடுத்திருக்கவே முடியாது.

மறுபடி எண்ணினார்கள். அவருக்காகத் தங்கையே "ஒன்பது" என்றாள்.

"பத்து," என்றது அதே நிதானக் குரல்.

சமையல்காரரின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. இன்னும் தேடினால் அவர் பிழைக்கமாட்டார்.

"அக்கா, என்ன பண்ணட்டும்?" பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"உனக்குத் தெரியும்டி," என்றேன்.

பிறகு அவள் பனியைப் பார்த்துச் சொன்னது எனக்கும் கேட்டது: "யாரா இருந்தாலும் சரி, இவரைக் கரையில விட்டுட்டு வந்துடறேன். அங்கேயே இருங்க."

சமையல்காரர் பிழைத்தார். ஆம்புலன்ஸ் கதவை மூடுவதற்குள் தங்கை படகைத் திருப்பிவிட்டாள். "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் கிறுக்கு," என்று திட்டிக்கொண்டே மெக்கானிக்கும் ஏறினார். மற்ற மூவரும் ஏறினார்கள்.

வெளிச்சம் மங்கும்வரை தேடினார்கள். எண்ணிக்கை ஐந்தோடு நின்றது.

"யாரும் பதில் சொல்லல. ஆனா அக்கா, படகு கனமா வருது."

நான் எழுந்து வெளியே போனேன். ஐந்து பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய தங்கை ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை. காலிப் படகைப் பார்த்து, "மெதுவா வாங்க, படி வழுக்கும்," என்றாள்.