அண்ணனின் காருக்கு ஒரு ரிமோட்

என் அண்ணனுக்கு முதுகெலும்பு முழுவதும் ஒட்டிப்போய்விட்டது. கல்லூரி முடித்த வயதில் முதுகுவலியாகத் தொடங்கிய நோய், முப்பத்தைந்து வயதுக்குள் கழுத்துவரை ஏறி நின்றுகொண்டது. இடுப்பு மடங்கும், நாற்காலியில் உட்காருவார், நடப்பார், கார் ஓட்டுவார். குனிய மட்டும் முடியாது. குனிய முடியாதவர் சாதாரணக் காருக்குள் ஏறவும் முடியாது என்பது, அவர் தலை மூன்று முறை கதவின் மேல்விளிம்பில் இடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அவர் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வீடு கீழே திருப்பத்தூரில். மேலே போகும் வழிகளை ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தேன். பஸ்: பள்ளி நேரத்துக்கு ஒத்துவராது. ஷேர் ஜீப்: குனிந்து ஏற வேண்டும். பைக்: விழுந்தால் ஒட்டிய எலும்பு முறியும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். மாற்றல்: அவர் கேட்கமாட்டார். மிஞ்சியது, கூரை திறக்கிற கார். பெங்களூரில் யாரோ அலுத்துப்போய் விற்ற பழைய இரண்டு கதவுக் கார் ஒன்று கிடைத்தது. துணிக்கூரை தானாக மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். கதவைத் திறந்து, நின்றபடியே திரும்பி, நேராக உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். கழுத்து திரும்பாதவருக்காகப் பெரிய கண்ணாடிகள் மாட்டினோம். லைசென்ஸும் அதற்கேற்ப வாங்கியாயிற்று.

சிக்கல் சுவிட்சில் இருந்தது. அது கியருக்குப் பக்கத்தில். சாவி போட்டு, கூரை முழுதும் மடியும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தால்தான் அழுத்த முடியும். கூரை திறந்தால்தான் அவர் உள்ளே உட்கார முடியும். காலையில் நானோ அம்மாவோ திறந்துவிடுவோம். மாலையில் தலைமையாசிரியர்.

"தினம் எனக்கோசரம் ஒருத்தர் குனியறாரு பாப்பா," என்று ஒருநாள் சொன்னார்.

நான் மின்னியல் படித்தவள். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். சுவிட்சின் வயர்களில் இரண்டு ரிலே, ஒரு ரிசீவர் போர்டு, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளக் கட்டைவிரல் அளவில் ஒரு ரிமோட். சாவி போடவோ பிடித்துக்கொண்டிருக்கவோ தேவையில்லை, ஒருமுறை தட்டினால் கூரை போய்ச் சேர்ந்துவிடும். சோதிக்க வேண்டியவை என்று பதினான்கு வரி எழுதி, பதினான்கையும் டிக் அடித்தேன். முதல் திங்கட்கிழமை கூடவே போய்ப் பார்க்க லீவு போட்டேன்.

மதிய இடைவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காரைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் வராந்தாவில் நின்று ரிமோட்டைத் தட்டினார். கூரை எழுந்து, மடிந்து, படுத்தது. மறுபடி வந்து மூடியது. திரவ அழுத்தப் பாடம் நடத்த இதைவிட நல்ல உபகரணம் எந்தப் பள்ளியிலும் கிடையாது என்றார். இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை. எண்ணெயைத் தள்ளும் பம்ப் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நானே விளக்கினேன். எஞ்சின் ஓடவில்லை. எஞ்சின் ஓடாதபோது அந்தப் பம்ப் பேட்டரியை எவ்வளவு குடிக்கும் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. அவர் கூரையைத் திறந்து, என் குடைக்குள் நடந்து வந்து, உட்கார்ந்து, மூடுவதற்குத் தட்டினார். கூரை எழுந்தது, அவர் தலைக்கு மேல் வந்தது, பம்ப் ஒருமுறை முனகி அடங்கியது. கூரை அங்கேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்.

அவர் வெளியே வர நேராக எழ வேண்டும். எழ வேண்டிய இடத்தில் கூரையின் இரும்புச் சட்டம். முன்பாதி திறந்து கிடந்தது. மழை அவர் மடியில் விழுந்தது.

செய்யக்கூடியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கையால் கூரையை நகர்த்துவதற்கு அழுத்தத்தை விடுவிக்கும் திருகு ஒன்று உண்டு, அது டிக்கிக்குள். கூரை பாதியில் நிற்கும்போது டிக்கி திறக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஆட்டோமேட்டிக் கியர். வேறு வழி உண்டா என்று இணையத்தில் தேட சிக்னல் இல்லை. ஜீப்காரரைக் கூட்டிவரத் தலைமையாசிரியர் பைக்கில் கிளம்பிப் போனார். அத்தோடு வரிசை முடிந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாமை காயவைக்கிற தார்ப்பாயோடு பக்கத்து நிலத்திலிருந்து நான்கு பேர் ஓடி வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். அவர்களில் பெரியவர், "இன்னா சார், நாலு பேரு புடிச்சா பக்கவாட்டுல இஸ்துடலாம்," என்று அண்ணனின் அக்குளில் கை கொடுத்தார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதீங்க. முதுகு ஒடிஞ்சிடும்."

எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். அண்ணனால் அவர்கள் பக்கம் திரும்ப முடியாது. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"வுடுங்க மாமா. நான் இன்னா கல்யாண அண்டாவா, நாலு பேரு சேந்து தூக்க?"

சிரித்தார்கள். தார்ப்பாயை மேலே விரித்து, மூலைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். வராந்தாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். அண்ணனின் பார்வைக்கு நேரே அவர்கள்தான் இருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேன். எப்போதும் என் கையைத் தடுப்பவர், அன்றைக்குத் தடுக்கவில்லை.

ஜீப் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு பேட்டரிக்கும் நடுவே கேபிள் மாட்டியதும் எஞ்சின் பிடித்தது. கூரை ஒன்றுமே நடக்காததுபோல் வந்து மூடிக்கொண்டது. மலை இறங்கும் வழியில் ஒரு வளைவில் அண்ணன், "பேட்டரி மட்டுந்தானே?" என்று கேட்டார். பேட்டரி மட்டும்தான் என்றேன்.

அடுத்த ஞாயிறு புது பேட்டரி வைத்தேன். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டும் சேர்த்தேன். பேட்டரியில் கூரையை முழுதாக நகர்த்தும் அளவு சக்தி இல்லையென்றால், அது கூரையைக் கிளம்பவே விடாது. இனிமேல் பேட்டரியால் கூரை பாதியில் நிற்காது என்று விளக்கினேன்.

"அப்ப பேட்டரி எறங்கிட்டா?"

"கூரை தெறக்காது. நீ வெளியவே நிக்கணும், அண்ணா. யாராச்சும் வர்ற வரைக்கும்."



"வெளிய நின்னா, இவரால ஏற முடியலன்னு தூக்கிவுட ஆளு வரும் பாப்பா. உள்ள குந்திக்கினு இருந்தா, ரிப்பேரு காருக்குத்தான்னு நெனச்சிப்பாங்க. அத்த எடுத்துடு."

மழை, குளிர், எழ முடியாத நிலையில் யாராவது அவசரப்பட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று காரணங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து முழுவதையும் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது.

போர்டைப் பொருத்தியிருந்த சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன். அவர் கதவோரம் நின்றிருந்தார். செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் எதைக் கழற்றுகிறேன், எதை விடுகிறேன் என்று குனிந்து பார்க்க அவரால் முடியாது. ஒரு நிமிடம் சும்மா படுத்திருந்துவிட்டு எழுந்து, கழற்றியாயிற்று என்று சொல்லியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அந்த ஒரு நிமிடமும் படுத்திருந்தேன்.

பிறகு கழற்றி, வெளியே வந்து, போர்டை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.