ஒரு உரல், இரண்டு உலக்கை

அண்ணியின் உலக்கை இன்னும் அண்ணன் வீட்டு மூலையில் சாய்ந்திருக்கிறது. அவர் பிடித்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அரவை மெஷின் வந்து வெகு நாளாகிறது. ஆனாலும் பொங்கல் படையலுக்கான சாமையை உரலில்தான் குத்துவோம், வீட்டுப் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட நான் அதற்காக வந்துவிடுவேன். அண்ணியின் உலக்கை ஏறும்போது என்னுடையது இறங்கும். மோதிக்கொண்டால் போச்சு, இருவருக்கும் ஆகவில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும்.

ஒரு பொங்கலுக்கு மோதியது. அண்ணியின் குத்து சற்றுத் தாமதமாக விழுந்தது, மறுபடியும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தேன், முகத்தில் சிரிப்பில்லை. அதன் பிறகும் அந்த முகம் இறுகியே இருந்தது. என்மேல் கோபம் என்று அண்ணன் முடிவு கட்டி, எங்களைச் சமாதானப்படுத்த உட்கார்ந்தார். "எனக்கு இன்னா கோவம்? கைதான் வர மாட்டேங்குது" என்றார் அண்ணி. கோபக்காரர்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

அண்ணியின் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நானும் அவரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்க்கின்சன் என்றார் டாக்டரம்மா. "அசைவைப் பாத்துக்கற நரம்பு செல்லுங்க மூளையில சாகுதுங்க. புரதம் சரியா மடியாம செல்லுக்குள்ள தேங்கிடுது. செல் மத்த வேலையைக் குறைச்சிட்டு அதைச் சரிபண்ணப் பாக்கும். அந்த நெருக்கடி ஓயலன்னா தானாவே செத்துடும். இதுவும் ஒரு காரணம்ங்க." முகம் இறுகுவதும் இந்த நோயால்தானாம்.

"செத்தது திரும்ப வருமா?" என்று கேட்டார் அண்ணி.

"வராதுங்க. மாத்திரையில கை கொஞ்சம் பேச்சு கேக்கும். நிறைய செத்த பின்னாடிதான் வெளியவே தெரியும்."

உலக்கைகள் மோதிய நாள் நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை, எனக்கு ஒன்றுமே வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணிதான் பேசினார்: "வூட்டுக்குப் போனதும் மொதல்ல உங்கண்ணங்கிட்ட சொல்லு, எனக்குக் கோவம் இல்லன்னு."

சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

இந்தப் பொங்கலுக்குத் தனியாகவே குத்தினேன். அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு. அவர் உலக்கை மூலையில் இருந்தது. "இன்னா, வுட்டு வுட்டுக் குத்தற?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் அவர் குத்துக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தேன்.