பியானோவின் மேல் ஒரு டெலிபோன்

போன ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் கொத்துரொட்டிக்குக் காத்து நிற்கிறேன். உள்ளே ரொட்டி கொத்துகிற தகட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. திரும்பினால் அப்பாத்துரை அண்ணை.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர். வாசித்துவிட்டு விடாமல் பிழை பிடிக்கிறவர். என் நெருங்கிய வாசகர் என்றே சொல்லலாம்.

"என்ன தம்பி, எங்கடை சனம் அங்கை முள்ளுக்கம்பிக்குள்ளை கிடக்குது... நீங்கள் ரெண்டு பேரும் இத்தாலியிலை பாட்டுக் கச்சேரியோடை இருந்து சாப்பிட்டனீங்களாம்?"

மகள் கம்ப்யூட்டரில் போட்ட படம் எப்படியோ அண்ணையின் கண்ணுக்கும் எட்டியிருக்கிறது. படத்தில் நானும் மனைவியும். முன்னால் சாப்பாட்டு மேசை, வைன் கிளாஸ். பின்னால் ஒரு பெரிய பியானோ. மறுக்க வழியே இல்லை.

"ஓம் அண்ணை, சாப்பிட்டனாங்கள்."

"தொண்டைக்குள்ளாலை எப்பிடி இறங்கினது?"

நல்ல கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் கொத்துரொட்டியைக் கட்டித் தந்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தகட்டுச் சத்தத்துக்கு நடுவே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இங்கே சொல்கிறேன்.

அண்ணை கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த வருஷம் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் யார் பாட்டு வைத்தார்கள்? கலியாணங்கள் நடந்தன, தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் மேளம். பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்த ஹோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் நின்றுபோனது. இதற்கெல்லாம் யாரும் சட்டம் போடவில்லை. இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன கிழமையில் இருந்து, காருக்குள் தனியாகப் போகும்போதுகூட ரேடியோவைக் குறைத்துத்தான் வைத்தோம்.

அப்படியொரு வருஷத்தில் நாங்கள் ஒபெராவுக்குப் போனோம்... போக வேண்டியதாயிற்று.

பயணம் மகள் ஆரணியின் பரிசு. எங்கள் கலியாணத்துக்கு வெள்ளிவிழா வருகிறது என்று போன வருஷமே பதிவு செய்துவிட்டாள். திகதி மாற்ற முடியாத டிக்கெட். என் மனைவி மனோ வரவே மாட்டேன் என்று நின்றாள். துக்கம் காரணம் என்று நினைப்பீர்கள். இல்லை. டெலிபோன்!

மனோவுக்கு ஒரேயொரு தம்பி, குகன். வன்னியில் இருந்தவன். எடுப்பதென்றால் எங்கள் வீட்டு நம்பருக்குத்தான் எடுப்பான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடுகிறவனின் சட்டைப் பையில் எழுதிவைத்த துண்டு நிற்குமா? ஆகவே மில்லிக்கனில் இருந்து அஜின்கோர்ட்டுக்கு வீடு மாறியபோது கட்டிலை மாற்றினோம், சோபாவை மாற்றினோம், நம்பரை மட்டும் சண்டை பிடித்துக் கையோடு கொண்டுவந்தோம். ரொறன்ரோவில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. எல்லார் கையிலும் செல்போன் இருக்கும். ஆனாலும் சமையலறைச் சுவரில் அந்தப் பழைய போன் தொங்கும்.

கடைசியாகக் குகன் எடுத்தது மாசி மாதம். யாரோ ஒருவருடைய சாட்டிலைட் போனில். "அக்கா, பின்னாலை சனம் லைனிலை நிக்குது. பிறகு எடுக்கிறன்" என்றான். அவ்வளவுதான்.

பிறகு யுத்தம் முடிந்தது. முகாம்களில் இருந்தவர்களிடம் ஆள்விட்டு விசாரித்தோம். ஒருவர் கண்டேன் என்றார். அது வேறு குகன் என்றார் இன்னொருவர். மனோ அவன் சொன்ன அந்தப் "பிறகு"வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆரம்பத்தில் கோயிலில், கடையில், பஸ்ஸில் எல்லாரும் அவனைப் பற்றி விசாரித்தார்கள். மெல்ல மெல்லக் குறைந்தது. ஆடி மாதம் அளவில் நின்றேபோனது. கேட்டால் அவள் மனம் நோகும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. மிசிசாகாவில் மனோவின் பெரியப்பா மகன் இருக்கிறார், சிவா அண்ணை. சனிக்கிழமை தவறாமல் எடுப்பார்.

"பிள்ளை, நான் ஐயரோடை கதைச்சிட்டன். காரியத்தைச் செய்து விடுவம். ஆத்துமா அந்தரிக்கப்படாது."

காரியம் என்றால் செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை. உடம்பு இல்லை, செய்தி இல்லை. படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்குக் கொளுத்தி... முடித்துவிடலாம் என்கிறார். சிவா அண்ணை கெட்டவர் இல்லை. குகனைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவருக்கு ஒரு முடிவு வேண்டும். மனோவுக்கு முடிவு வேண்டாம், தம்பி வேண்டும்.

எனக்கு என்ன வேண்டும்? சனிக்கிழமைகளில் நான் மனோவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். புல்லு வெட்டப் போய்விடுவேன்.

கடைசியில் டிக்கெட்டைக் காப்பாற்றியது ஆரணிதான். "அம்மா, டோன்ட் வொறி. வீட்டு போனுக்கு வாற எல்லா கோலும் உங்கட செல்லுக்கு வரும். நான் செட் பண்ணிட்டன்."

மனோ நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து எங்கள் நம்பருக்கு எடுத்துப் பார்த்தாள். கையில் இருந்த செல்போன் அடித்தது. திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் அடித்தது. பிறகுதான் சூட்கேஸைத் திறந்தாள்.

இத்தாலியை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. நான் சாய்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது அவள் சிக்னல் கோடுகளைக் குனிந்து பார்த்தாள். சாப்பாட்டையும் கொறித்தாள் அவ்வளவுதான். கோபம் வந்ததா என்று கேட்டால்... வந்தது. யாரிடம் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

கடைசி மாலை புளோரன்ஸில். மகள் போட்ட திட்டத்தில் அன்றைக்கு டின்னரும் ஒபெராவும். ஒரு காலத்தில் வைன் அடுக்கிவைத்த கல் மண்டபம். நிறையச் சனம். ஒரு சாப்பாடு, ஒரு பாட்டு என்று மாறி மாறி வரும். பாடுகிறவர் மனோவின் வயதுப் பெண்மணி. ஒபெரா பாடுகிறவர்கள் எல்லாரும் பருத்த ஆட்கள் என்று எப்படியோ நினைத்திருந்தேன். இவர் ஈர்க்கில் மாதிரி. ஆனால் வாயைத் திறந்தால் கல்லுச் சுவர் அதிர்கிறது!

பாட்டுத் தொடங்கியதும் எல்லாரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஆவி பறக்கிற பாஸ்டா. என்ன செய்வது? எங்கள் கலியாண வீடுகளில் நாதஸ்வரக்காரர் உயிரைக் கொடுத்து ஊதும்போது நாங்கள் இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள் அல்லவா? அன்று ஒரு பாட்டு முடியும் வரை பாஸ்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாகரிகம் என்பது ஆறிப்போன சாப்பாடு போலிருக்கிறது.

தொடங்குமுன்பே மனேஜர் வந்து எல்லாரையும் போன்களை நிற்பாட்டச் சொன்னார். மனோ நிற்பாட்டவில்லை.

"சைலன்டிலையாவது போடுமன்" என்றேன்.

"சைலன்டிலை போட்டா எனக்கு எப்பிடிக் கேக்கும்?"

இரண்டாவது பாட்டு. அந்தப் பெண்மணி குரலை மேலே, இன்னும் மேலே கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்துகிறார். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறது.

போன் அடித்தது.

மனோ எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எத்தனை தலைகள் திரும்பின என்று நான் பார்க்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். அது குகன்தான் என்று அவளுக்கு நிச்சயம். எனக்கும்தான்.

"ஹலோ... குகன்? குகன்? அக்கா கதைக்கிறன். சொல்லு ராசா!"

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. நல்ல சுறுசுறுப்பான குரல். வீட்டின் சூட்டுக்குழாய்களைத் துப்புரவு செய்து தருகிறார்களாம். இந்த மாதம் விசேஷ விலைக்கழிவாம்.

ரொறன்ரோவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. டக்ட் கிளீனிங்! ஒரு வீடு விடாமல் வருகிற விற்பனை அழைப்பு. எல்லா கோலும் செல்லுக்கு வரும் என்று மகள் சொன்னாள் அல்லவா? எல்லா கோலும் என்றால் எல்லா கோலும்தான். அதை எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

வழக்கத்தில் மனோ இந்த அழைப்புகளை அரை வசனத்திலேயே வெட்டிவிடுகிற ஆள். அன்று வெட்டவில்லை. அவன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு மனிதக் குரல் வந்துவிட்டது, அதை விட மனம் வரவில்லை. கடைசியில் அவன்தான் வெட்டினான்.

உள்ளே வந்தபோது பாட்டு நின்றிருந்தது. பியானோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். மனேஜர் நேரே எங்களிடம் வந்தார், முகம் கடுகடுவென்று. நான் என் இங்கிலிஷில் தடுமாறினேன். இலங்கை என்றேன். யுத்தம் என்றேன். இவளுடைய தம்பி, மாதக்கணக்காகச் செய்தி இல்லை, அவனாக இருக்குமோ என்று... அவன் இல்லை என்றேன்.

மனேஜர் திரும்பி அந்தப் பாடகிக்கு அதை இத்தாலியனில் சொன்னார். மண்டபம் முழுவதும் கேட்டது.

பாடகி மேசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். கையை நீட்டினார். மனோ போனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பறிக்கப்போகிறார் என்றே நானும் நினைத்தேன். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. மனோ என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கொடுத்தாள்.

அவர் போனைக் கொண்டுபோய்ப் பியானோவின் மேல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். சத்தத்தைக் கூட்டிவிடச் சொல்லிச் சைகை காட்டினார். மனோவின் கதிரையைத் தானே தூக்கிவந்து பியானோவுக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு சனத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். மனேஜர் இங்கிலிஷில் சொன்னார்: "இந்த போன் மட்டும் அடிக்கலாம். அடித்தால் நான் பாட்டை நிறுத்துவேன். நீங்கள் எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கள், அந்த அம்மா கதைக்கட்டும்."

பாடத் தொடங்கினார். யாரும் பாடகியைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் பியானோவின் மேல். பரிமாறுகிற பெண் தட்டோடு சுவரோரமாக நின்றுவிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு வயதான ஜெர்மன்காரர் கையைக் கோத்துக்கொண்டு, தன் சொந்தப் பிள்ளை எடுக்கப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மனோ அழுதாள். மாசி மாதத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். என்ன பாட்டு என்று பிறகு மனேஜரிடம் கேட்டேன். புருஷனைத் திட்டுகிற வேடிக்கைப் பாட்டாம்!

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்பது போல அப்படியே இருந்தார்கள்.

அது அடிக்கவில்லை.

பிறகு தட்டினார்கள் பாருங்கள்... கல்லு மண்டபம் இடிந்து விழாதது பெரிய காரியம். பாடகி போனைத் தன் சால்வையால் துடைத்து மனோவின் கையில் வைத்தார். அந்த ஜெர்மன்காரர் வெளியே போகும்போது எங்கள் மேசையில் நின்று ஒரே ஒரு சொல் சொன்னார். "டுமாரோ."

நாளைக்கு.

அதற்குப் பிறகு வந்த இறைச்சியை மனோ சாப்பிட்டாள். இனிப்பையும் சாப்பிட்டாள். என்னுடைய இனிப்பில் பாதியையும் எடுத்தாள். அப்போது எடுத்த படம்தான் அப்பாத்துரை அண்ணை பார்த்தது.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இவ்வளவு சனம் இருந்துது. ஒருத்தரும் காரியம் செய்யச் சொல்லேல்லை."

ரொறன்ரோவுக்கு வந்த முதல் சனிக்கிழமை சிவா அண்ணை எடுத்தார். நான் புல்லு வெட்டப் போகவில்லை. பக்கத்தில் நின்றேன். மனோ நிதானமாகச் சொன்னாள்: "அண்ணை, நீங்கள் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. நான் வரேல்லை. ஆரும் ஒராள் போனுக்குக் கிட்ட இருக்கவேணும்."

நான் யோசித்துப் பார்க்கிறேன். எங்களிடம் செத்தவீட்டுக்கு எல்லா முறையும் இருக்கிறது. யார் தேத்தண்ணி கொடுப்பது, யார் முதலில் சாப்பிடுவது, எட்டாம் நாளுக்கு என்ன, முப்பத்தோராம் நாளுக்கு என்ன... தெரு நிறையக் கார் வரும். காத்திருக்கிற வீட்டுக்கு யார் வருகிறார்கள்? அதற்கு ஒரு முறையும் இல்லை. வந்து என்ன கதைப்பது என்று தெரியாததால் வராமல் விட்டுவிடுகிறோம். பாஷை தெரியாத ஊரில், பெயர் தெரியாத ஆட்கள் ஒரு பாட்டு நேரம் அவளோடு சேர்ந்து காத்திருந்தார்கள். அதனால்தான் இறங்கியது, அண்ணை. தொண்டைக்குள்ளால் நன்றாகவே இறங்கியது.

குகன் எடுப்பானா? எனக்குத் தெரியாது. என்னிடம் அதைக் கேட்க வேண்டாம்.

ஆனால் மனோவை எங்காவது கடையில், கோயிலில் கண்டால் கிட்டப் போய், "தம்பி எடுத்தவனோ?" என்று கேளுங்கள்.

இல்லை என்றுதான் சொல்வாள். அடுத்த முறை கண்டாலும் கேளுங்கள்.