மெயில் பெட்டிக்கு அளவு வைத்த பாவம்

மெயில் சர்வர் பார்க்கிற வேலையில், மெயில் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை நம் பெயர் யாருக்கும் தெரியாது. ஒன்று திரும்பி வந்துவிட்டால் தெரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் யூனிக்ஸ் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். எல்லோருடைய மெயிலும் ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது. அதனால் ஆளுக்கு இவ்வளவு இடம், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில் என்று அளவு வைத்தேன். இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு மீதிக் கதை தெரியும். இருந்தாலும் கேளுங்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

தனி ரூம்

மெக்கானிக்கல் துறைத் தலைவரின் பெட்டி நிரம்பிவிட்டது. திறந்து காட்டச் சொன்னேன். பாடம் சம்பந்தமாக எதுவும் கண்ணில் படவில்லை. மகள் கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாகத் தனக்கே அனுப்பி வைத்திருந்தார். "மாணவர்களுக்கும் இதே அளவுதான் சார்" என்றேன். நேராக முதல்வரிடம் போய், தன் அளவை எடுத்துவிட உத்தரவு வாங்கி வந்தார். வந்ததோடு விட்டாரா?

"முதல் வருசப் பையனுக்கும் எனக்கும் ஒரே அளவுன்னா, எனக்கு எதுக்கும்மா தனி ரூம் குடுத்துருக்காங்க?"

பொங்கல் வாழ்த்து

அவருக்கு எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆபீஸ் மேனேஜர் வந்தார். பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் கரும்பும் பானையும் போட்ட வாழ்த்து அனுப்ப வேண்டுமாம். "பிரிச்சுப் பிரிச்சு அனுப்பலாம் சார், மொத்தமா போனா வெளி சர்வருங்க நம்மளக் குப்பைன்னு தள்ளிடும்" என்றேன். அவரும் முதல்வரிடம் போனார். அளவு போனது. வாழ்த்தும் போனது. அன்றிலிருந்து கல்லூரி அனுப்புகிற மெயில் எல்லாம் குப்பைப் பெட்டியில் விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு மெயில் நிறுவனத்துக்கும் கெஞ்சி எழுதி, நம் பெயரைச் சரிசெய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவருக்குத்தான் கோபம்.

"நான் என்ன கெட்ட வார்த்தையா எழுதுனேன், வாழ்த்துதானே சொன்னேன்?"

ரேவதிக்கு வந்த மெயில்

கடைசி வருடம் படிக்கிற ரேவதி, விக்கிரமங்கலத்துப் பெண். எழுத்துத் தேர்வில் தேறி, சென்னைக் கம்பெனி ஒன்றின் நேர்காணல் அழைப்புக்காகக் காத்திருந்தாள். கூடப் படித்தவளுக்கு வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. என் அறை வாசலில் நின்று, "நான் பாஸ் பண்ணலையா மேம்?" என்றாள்.

சர்வரைப் பார்த்தேன். இதற்குள் ஒவ்வொருவராக முதல்வரிடம் போய் அளவை எடுக்க வைத்திருந்தார்கள்; அந்த அளவில்லாத பெட்டிக்காரர்கள் டிஸ்கையே அடைத்துவிட்டார்கள். அவள் பெட்டியில் எவ்வளவோ இடம் மிச்சம். டிஸ்கில் இடமில்லாததால் மெயில் திரும்பிப் போயிருந்தது. கம்பெனிக்கு நானே போன் போட்டேன்; மெயில் திரும்பி வந்ததை அங்கே யாரும் கவனிக்கவில்லை. நேர்காணல் மறுநாள் காலை. அவள் சொந்த மெயிலுக்கு மறுபடி அனுப்ப வைத்து, கையோடு பஸ் ஏற்றிவிட்டேன். வேலை கிடைத்தது. ஆனால் அன்று போனில் பேசிய பெண் அதிகாரி சொன்னது காதிலேயே நிற்கிறது.

"பதில் வரலங்க, அந்தப் பொண்ணுக்கு விருப்பம் இல்லன்னு பேரை எடுக்கப் போனோம்."

முதலிலேயே

முதல்வர் கூட்டம் கூட்டினார். யார் பெட்டியில் எவ்வளவு என்று திரையில் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் மறுபடி அளவு வந்தது, முதல்வர் உட்பட. ஒருவராவது அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுவார் என்று பார்த்தேன். வெளியே வரும்போது மெக்கானிக்கல் துறைத் தலைவர் என்னை நிறுத்தினார்.

"அளவு வைக்கிறதா இருந்தா முதல்லயே வச்சிருக்கலாமேம்மா."

யூனிக்ஸில் டிஸ்குக்கு அளவு வைக்கலாம், மெயிலுக்கு வைக்கலாம், மனிதர் வாய்க்கு வைக்கிற கமாண்டு மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.