ஏட்டம்மாவின் ஆஸ்பத்திரி டூட்டி

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் பேரருவியில் என் மனைவி சங்கரேஸ்வரியின் விசில்தான் சட்டம். போலீசில் ஏட்டு. எவ்வளவு நனைந்தாலும் போதாதென்று அருவிக்கடியில் அடம்பிடிக்கிறவர்களை ஒரே ஊதலில் வெளியே கொண்டுவந்துவிடுவாள். வீட்டில் எனக்கு விசில் வேண்டாம், பார்வையே போதும்.

எங்கள் மகள் மஞ்சுவுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சில் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு கிருமி குடியேறினால் லேசில் கிளம்பாது. போன வருஷம் ஒரு கிருமிக்கு மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே தொற்றிய இன்னொன்றோடு வீடு திரும்பினோம். இந்த ஆடியில் மறுபடியும் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் ஜெபஸ்டின் ஒளிக்காமல் சொன்னார்: "இன்னொண்ணு புதுசா தொத்திச்சுன்னா பிள்ளை நுரையீரல் தாங்காதும்மா."

சங்கரேஸ்வரி லீவு போட்டுவிட்டு, தனி அறை வாங்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காக்கி இல்லை, கழுத்தில் விசில் மட்டும்.

"அம்மா, நான் ஒருதரம் ஊதட்டா?" மஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"எச்சி விசில் ஆகாதுட்டி. நெஞ்சு சரியாகட்டும், புதுசு வாங்கித் தாரேன்."

டாக்டரே ஆனாலும் கையைக் கழுவி, ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்த பிறகுதான் உள்ளே போகலாம். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து என் சொந்தபந்தம் வேன் நிறைய வந்து இறங்கியது, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக. தங்கை வள்ளித்தாய் கையில் ஒரு கேன் அருவித் தண்ணீர்.

"மதினி, மூலிகைத் தண்ணி. பிள்ளை தலையில லேசா தெளிச்சாப் போதும்."

"நமக்கு மூலிகை. அதுல உள்ள கிருமி இவ நெஞ்சுக்கு ஆகாது. எல்லாரும் கீழ போங்க."

யாரும் அசையவில்லை. விசிலை ஊதினாள். வேன் திரும்பிப் போனது. எனக்கு மானம் போயிற்று. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த வம்பு நல்ல மனசால் வந்தது. செங்கோட்டைப் பையன் பென்னிக்கும் அதே நோய். 'ஒண்ணுக்கொண்ணு துணையாக இருக்கட்டும்' என்று நர்ஸ் அவன் கட்டிலை எங்கள் அறைக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே அவன் அம்மா, கண் கலங்க. "இந்த நோய் உள்ள இன்னொரு பிள்ளைய இப்பத்தான் பாக்குதேன் அக்கா."

மஞ்சு ஆசையாக எழுந்து உட்கார்ந்தாள். அவளும் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

சங்கரேஸ்வரி குறுக்கே கையை நீட்டினாள். "டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு தாயி. ஒரே நோய்க்காரங்க பக்கத்துல பக்கத்துல வரவே கூடாது. இவ கிருமி அவனுக்கு ஏறும், அவன் கிருமி இவளுக்கு ஏறும். ஆனா பேசக் கூடாதுன்னு சட்டமில்ல."

டாக்டரிடம் சொல்லி, பென்னிக்கு முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் அறை வாங்கிக் கொடுத்தாள். எக்ஸ்ரேவுக்குப் போவதென்றால் மாஸ்க். அவன் போய்த் திரும்பி வெகுநேரம் கழித்துத்தான் இவள். அருவியில் வரிசை விடுகிற அதே கண்டிப்பு. பேச்செல்லாம் ஜன்னலில் நின்றபடி போனில்தான். இருவரும் என்னத்தைத்தான் பேசினார்களோ, சிரிப்பு மட்டும் எங்களுக்குக் கேட்டது.

கடைசியில் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் புதுக் கிருமி எதுவும் இல்லை. சங்கரேஸ்வரி அழுது அன்றுதான் பார்த்தேன். முகத்தைத் துடைத்த கையோடு எனக்கு உத்தரவு வந்தது: "போயி ரெண்டு புது விசில் வாங்கிட்டு வாங்க."

கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, ஒன்றை எதிர் அறைக்குக் கொடுத்தனுப்பினாள்.

மஞ்சு ஜன்னலில் நின்று ஊதினாள். சேர்த்த அன்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாத பிள்ளை, நீளமாக, நிறுத்தாமல் ஊதினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பென்னியும் விடவில்லை.

நர்ஸ் பதறி ஓடிவந்தாள். "என்னம்மா சத்தம் இது?"

"எம் பிள்ளை மூச்சும்மா அது" என்றாள் ஏட்டம்மா. "ஊதட்டும்."