கூரையைத் தட்டிப் பார்த்தவர்

ராஜபாளையத்தில் நெஞ்சுக் கோளாறு என்று யார் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது, "எந்த மில்லு?" என்றுதான். ஊரில் பாதிப் பேர் பஞ்சைச் சுவாசித்தே பிழைத்தவர்கள், கேட்பதில் தப்பில்லை. அப்பாவிடமும் அப்படித்தான் கேட்டார். அப்பா இருமிக்கொண்டே இருந்ததால் பதில் வரவில்லை. டாக்டர் தானாகவே பழைய மில் தொழிலாளி என்று சீட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், "திருத்தச் சொல்லட்டுமாப்பா?" என்றேன். "வேணாம் ஏட்டி. பஞ்சு நல்ல சாமான்லா, மெத்துனு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவர் நெஞ்சில் இருந்தது நிலக்கரித் தூள். முப்பது வருடத்துக்கு மேல் வடக்கே தெலுங்குச் சீமையில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார், பொங்கல் முடிந்ததும் போய்விடுவார். நானும் தம்பியும் அவரை ஒரு விருந்தாளியாகத்தான் அறிந்திருந்தோம். ஓய்வு பெற்று வந்தபோது அம்மா இருந்தாள். நான்கு வருடம் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் மொத்தமாகச் சேர்ந்திருந்தது அந்த நான்கு வருடந்தான். பிறகு அம்மா போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தில் அவள் பக்கத்தில் அப்பாவுக்கும் சேர்த்து இடம் வாங்கிப் போட்டான் தம்பி.

தம்பி அப்போதுதான் ராஜபாளையத்தில் மாடி வீடு கட்டியிருந்தான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல அறை கொடுத்தான். அறையில் ஃபால் சீலிங் போட்டு, அதற்குள் விளக்கெல்லாம் பதித்து, பார்க்க ஓட்டல் மாதிரி இருக்கும். அப்பா உள்ளே போனவுடன் கைத்தடியைத் தூக்கிக் கூரையைத் தட்டினார். பொத்தென்று கேட்டது. அட்டையைத் தட்டினால் வேறெப்படிக் கேட்கும்? இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சுரங்கத்துக்குள் போனதும் முதல் வேலை கூரையைத் தட்டிப் பார்ப்பதாம். நீளக் கம்பியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் மேலே பாறை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கேட்ட மாத்திரத்தில் விலகி ஓட வேண்டும். கையில் இருக்கும் சாமானை எடுக்கக்கூட நிற்கக் கூடாது. "அந்தச் சத்தத்தைக் கேட்டும் நின்னவன் எவனும் மேல வந்ததில்ல" என்பார். தம்பி ஏணி போட்டு ஏறி, ஒரு பலகையைக் கழற்றி, மேலே இருக்கும் கான்கிரீட்டைக் காட்டினான். அப்பா பார்த்தார், தலையை ஆட்டினார். புரியாமல் இல்லை. ஆனால் புத்திக்குப் புரிந்தது உடம்புக்குப் புரியவில்லை. மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி தூங்கினார். நான்காம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதுதான் வினை. நான் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். தனியாக இருக்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனி ஆபீஸில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் சொந்தக்காரர்கள் வாய்க்கு இது போதாதா? பெரிய மாடி வீட்டை விட்டு இந்தச் சின்ன வீட்டுக்குக் கிழவர் வருவதென்றால் மகள் ஏதோ ஓதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். தம்பியும் அதை நம்பினான். ஃபால் சீலிங் கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் வீட்டு முன்வாசலில் வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டோம். மழையென்றால் மட்டும் உள்ளே வருவார். படுக்க முடியாது, படுத்தால் மூச்சு அடைத்துவிடும். மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே இருப்பார். நன்றாக நடமாடிய மனுஷன், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலோடு ஒன்றிப்போனார். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா வந்து, "எப்டி இருக்கீங்க?" என்று கேட்டால், சுரங்கத்தில் படித்த தெலுங்கில் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லாமல் சிரிப்பார்.

அடுத்த எக்ஸ்ரேயில் டாக்டருக்குச் சந்தேகம் வந்து, அப்பாவின் வேலையை முறையாக விசாரித்தார். கேட்டுவிட்டு, சீட்டில் இருந்த பழைய எழுத்தை அடித்தார். அடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சானாலும் கரியானாலும் போன நுரையீரல் திரும்பாது என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வரும்போது வாங்கிய திராட்சையை அப்பா பஸ்ஸிலேயே தின்று முடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கேட்டது இது ஒன்றுதான்.

"ஏட்டி, என்னய எரிச்சுருங்க. பொதைக்காதிய."

"என்னப்பா பேச்சு இது? அம்மா பக்கத்துல இடம் கெடக்குல்லா."

"அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "முப்பது வருசம் மேல மண்ணை வச்சுக்கிட்டு நின்னாச்சு. இனியும் அங்க போய்க் கெடக்க ஏலாது. தம்பிகிட்ட நீ சொல்லிரு. நான் சொன்னா அவன் அழுவான்."

"சரிப்பா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் தம்பி என்னோடு பேசுவதே மாதத்துக்கு இரண்டு வார்த்தை. போய், அப்பா அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறார் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்வோம், வெள்ளிக்கிழமை சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். அப்பா இரண்டு தடவை கேட்டார். "சொல்லிட்டேன்பா, சரின்னுட்டான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். மாதா கோயிலில் துக்க மணி அடித்தார்கள். தம்பி வந்து காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். மகாராஜபுரத்திலிருந்து சித்தப்பா, மற்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பாதான் காரியத்தை எடுத்து நடத்தினார். சவப்பெட்டிக்குச் சொல்வதற்கு முன்னால், முறைப்படி என்னைக் கூப்பிட்டார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கடைசி வரைக்கும் நீதான் கூட இருந்த. அண்ணன் ஏதும் சொல்லிட்டுப் போனாவளா தாயி? அவிய ஆசை எதுவும் இருந்தா சொல்லு. பொறவு குத்தமாயிரக் கூடாது."

தம்பியும் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அம்மாவிடமிருந்தும் பிரிக்கப் பார்க்கிறாயா என்று அந்தக் கண் கேட்பதாக எனக்குப் பட்டது. அவன் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தான்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, மனசு கேட்காமல் பங்குச் சாமியாரிடம் போய், எரிக்க நம் கோயிலில் விடுவார்களா என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "தாராளமா விடுவோம். இப்பம் எத்தனையோ குடும்பத்துல செய்யிறாங்களே. முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். ஆக, கோயில் தடுக்கவில்லை, சித்தப்பா தடுக்கவில்லை, தம்பியும் தடுத்திருக்க மாட்டான். அவர் சாகும்வரை வாக்குக் கொடுத்து ஏமாற்றியதும், செத்த பிறகு வாயை மூடிக்கொண்டதும் நான் ஒருத்திதான்.

அவர் செத்த அன்றைக்கே வெயில் தாழ அடக்கத்துக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்ததும், கயிற்றில் பெட்டியை இறக்கினார்கள். அவரவர் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். முதலில் தம்பி போட்டான்.

மூடியில் பொத்தென்று கேட்டது.

எனக்குக் கால் தானாகப் பின்னால் போனது. சித்தப்பா தோளைப் பிடித்து நிறுத்தி, "போடு தாயி, எல்லாரும் நிக்காகள்லா" என்றார். குனிந்து ஒரு பிடி எடுத்து நானும் போட்டேன்.